பம்பர் கார்டைக் கழற்றுவதும் துரு நீக்கிப் பூசுவதும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பருவமழை ஓய்ந்த பிறகு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை துருவைப் பற்றியவையாகவே இருக்கின்றன. மலைப்பாதையிலும் தோட்டப்பாதையிலும் ஓடும் ஜீப் வகை வண்டிகளின் முன்புறத்தில் மாட்டியிருக்கும் பம்பர் கார்டு, அதாவது புல் பார், குறித்து வந்தவற்றை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

கேள்வி (வால்பாறை): எங்கள் தோட்டத்து பொலேரோவில் பத்து ஆண்டுகளுக்கு முன் மாட்டிய இரும்பு பம்பர் கார்டு துருவேறிக் கிடக்கிறது. சுத்தம் செய்து கறுப்பு வண்ணம் பூசி மீண்டும் மாட்டலாமா? சட்டம் தடுக்கிறது என்றும் சிலர் சொல்கிறார்கள்.

சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர் 7 அன்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய கடிதத்தில், கிராஷ் கார்டு, புல் பார் போன்றவற்றை வண்டியில் பொருத்துவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு முரணானது என்று தெளிவுபடுத்தி, நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக்கொண்டது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அனுமதியில்லாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், காரணம் வலுவானது. வண்டியின் முன்பகுதி மோதலின்போது நசுங்கிக் கொடுத்து வேகத்தைத் தின்னும்படி வடிவமைக்கப்பட்டது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் இரு முனைகளிலும் நேராக முடுக்கப்பட்ட தடித்த குழாய், அந்த நசுங்கும் வேலையை நடக்கவிடாமல் அடியை அப்படியே உள்ளே அனுப்புகிறது. ஏர்பேக் உள்ள வண்டியில் அது விரியும் கணத்தையும் குழப்பக்கூடும். குறுக்கே வரும் ஆளின் இடுப்பிலும் தொடையிலும் அந்தக் குழாய் செய்யும் வேலையை விவரிக்கத் தேவையில்லை. ஆகவே பொதுச்சாலையில் கால் வைக்கும் வண்டி என்றால் கழற்றிவிடுங்கள், மீண்டும் மாட்டாதீர்கள் என்பதே என் பதில். உண்ணிச்செடியும் மூங்கிலும் உரசும் தோட்டத்துக்குள்ளேயே ஓடி, கேட்டைத் தாண்டி வெளியே வராத வண்டிக்கு மட்டும் கீழே உள்ள பூச்சு விவரங்கள் பயன்படும்.

கேள்வி (போடி): கார்டைக் கழற்றப் போனால் நான்கு போல்ட்டுகளில் இரண்டு அசையவே இல்லை. கேஸ் வைத்துச் சூடேற்றலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

சூடு என்பது கடைசிக்கு முந்தைய வழி. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியானால் அதன் பிறகு சில நிமிடம் பொறுத்துத்தான் முன்புறத்தில் கைவைக்க வேண்டும், ஏனெனில் மோதலை உணரும் சென்சார்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. கார்டில் கூடுதல் விளக்கு மாட்டியிருந்தால் அதன் ஒயர்களை வெட்டாமல் இணைப்பிலேயே பிரித்து, ஒவ்வொன்றின் முனையையும் டேப் சுற்றிக் கட்டுங்கள். கார்டுக்கு அடியில் ஜாக்கியோ மரக்கட்டையோ கொடுத்து எடையைத் தாங்கச் செய்யுங்கள். கடைசி போல்ட்டு கழன்ற நொடியில் கார்டு ரேடியேட்டர் மீது சாய்ந்து செலவு வைத்ததை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

பிறகு வயர் பிரஷ் கொண்டு வெளியே தெரியும் மரையை நன்றாகத் தேய்த்து, துருவில் ஊறிச் செல்லும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் ஆறு பட்டை பாக்ஸ் ஸ்பானரை மாட்டி, கழற்றும் திசையில் அல்ல, முடுக்கும் திசையில் ஒரு சிறு அழுத்தம் கொடுங்கள். துருவின் பிடி முறிவது அந்த அசைவில்தான். முடுக்கி, தளர்த்தி, மீண்டும் எண்ணெய் விட்டு, கால் சுற்று, அரைச் சுற்று என்று எடுங்கள். பன்னிரண்டு பட்டை ஸ்பானரைப் போட்டுத் தலையை உருட்டிவிட்டால் பிறகு எதுவும் உதவாது. தீச்சுடர் வைப்பதானால் அருகில் பிளாஸ்டிக் பம்பரோ ஒயரோ குழாயோ சென்சாரோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். முந்தின இரவு தெளித்த எண்ணெயும் பற்றிக்கொள்ளும் என்பதை மறவாதீர்கள். எதுவும் சரிவராவிட்டால் போல்ட்டின் தலையை கிரைண்டரால் அறுத்துவிடுங்கள். ஒரு போல்ட்டு சில பத்து ரூபாய்தான். கிரைண்டர் சறுக்கி சேஸிஸில் போடும் வெட்டுக்குத்தான் விலை அதிகம். போல்ட்டோடு சேர்ந்து சேஸிஸுக்குள் இருக்கும் நட்டும் சுற்றினால், உள்ளே பற்றவைத்த நட்டு பிடிவிட்டுவிட்டது என்று பொருள். அப்போதும் தலையை அறுப்பதே வழி.

கேள்வி (கூடலூர்): பவுடர் கோட்டிங் நல்லதா, சாதாரண பெயின்ட் நல்லதா? இரண்டு ஆண்டுக்கு முன் பவுடர் கோட்டிங் செய்தும் வெல்டிங் ஓரங்களில் தோல் போல உரிகிறது.

பூச்சு உரிவதற்கான காரணம் பெரும்பாலும் பூச்சில் இருப்பதில்லை. அதற்கு அடியில் விட்டுவைத்ததில் இருக்கிறது. பவுடர் கோட்டிங் என்பது பொடியை மின்னூட்டத்தால் ஒட்டவைத்து, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி இறுகச் செய்யும் முறை. கடினமானது, சீரானது, பார்வைக்கும் நன்றாயிருக்கும். ஆனால் கல் தெறித்து ஓரிடத்தில் விண்டுவிட்டால் ஈரம் அந்த வழியே புகுந்து, மேலே எந்த அடையாளமும் காட்டாமல் அடியில் ஊர்ந்து பரவும். நீங்கள் பார்க்கும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு தனியாக வந்துவிடும். வெல்டிங் ஓரங்களில் கசடும் சிறு துளைகளும் இருப்பதாலும், கூரான விளிம்புகளில் பொடி மெல்லியதாகவே படிவதாலும், உரிதல் அங்கேதான் தொடங்கும். பெயின்ட் அவ்வளவு கடினமில்லை. ஆனால் கீறல் விழுந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து அன்றே தொட்டுப் பூச முடியும். காட்டுக்குள் முள்ளில் உரசும் ஒரு பொருளுக்கு இந்த வசதியே பெரிது என்பது என் கணிப்பு. நகரத்து வாசலில் நிற்கும் கேட்டுக்கு பவுடர் கோட்டிங் செய்யுங்கள்; காட்டு வண்டிக்கு இரு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்சி ப்ரைமரும், அதாவது அடிப்பூச்சும், அதன் மேல் பாலியூரிதேன் பூச்சும் போதும். எபாக்சியை மட்டும் பூசி நிறுத்தினால் வெயிலில் சுண்ணாம்பு போல வெளுத்துப் பொடியும் என்பதால் மேல்பூச்சைத் தவிர்க்க முடியாது.

எதைத் தேர்ந்தாலும், முன்வேலைதான் முக்கால் வேலை. முதலில் சோப்பும் தின்னரும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிசுக்கோடு தேய்த்தால் அதை இரும்புக்குள்ளேயே தேய்த்து ஏற்றியதாகும். அடுத்து பிளாஸ்டிங், அதாவது மணலைக் காற்றழுத்தத்தால் அடித்துத் துருவை உரிப்பது. கடல் மணலை உலர்வாக அடிக்கும் கூடங்களை ஒதுக்குங்கள்: அந்தச் சிலிக்காத் தூசு வேலையாட்களின் நுரையீரலில் சிலிக்கோசிஸ் எனும் தீராத நோயைக் கொண்டுவருகிறது, உப்பு மணலானால் இரும்பில் உப்பையும் விட்டுச் செல்கிறது. கார்னெட் மணல் அதைவிடப் பாதுகாப்பானது. நம் தென்கோடிக் கடற்கரைகளிலேயே அது இயற்கையாகப் படிகிறது. பிளாஸ்டிங் முடிந்த இரும்பு பச்சைப் புண் போன்றது. சில மணி நேரத்துக்குள் ப்ரைமர் ஏறாவிட்டால் கூடலூர்க் காற்றிலேயே மஞ்சள் பூத்துவிடும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மூடுபனிக் காலையில் பூசவே வேண்டாம். வெயில் ஏறி, குழாய் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும் நேரம் பார்த்துத் தொடங்குங்கள்.

பிளாஸ்டிங் கிடைக்காத ஊரில் வயர் பிரஷ், 80-ஆம் எண் உப்புத்தாள், பிறகு 180 என்று கையால் தேய்த்து, குழிகளில் எஞ்சும் துருவுக்கு மட்டும் துரு மாற்றித் திரவத்தைப் பூசலாம். டானின் உள்ள வகையானால் சிவந்த துரு கறுப்பாக மாறும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான் இது. ஆனால் ஏடு ஏடாகப் பெயரும் துருவின் மேல் அதைப் பூசுவது, இடியும் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றதே.

இத்தனைக்குப் பிறகும் பலர் மறப்பது குழாயின் உட்புறம். வளைவின் அடியில் தேங்கும் நீர் உள்ளிருந்து அரித்து, வெளிப்பூச்சு பளபளக்கும்போதே குழாயைத் தகடாக்கிவிடும். சிறு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், தின்றுபோன இடம் மந்தமாக ஒலிக்கும். மிகத் தாழ்ந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் துளையொன்று இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பூசுவதற்கு முன்பே போடுங்கள். அடைபட்ட குழாயில் நீர் இருந்து அதை பவுடர் கோட்டிங் அடுப்பில் வைத்தால் நீராவியின் அழுத்தத்தில் வெடிக்கவும் கூடும் என்பதால், இத்துளை அழகுக்கானது அல்ல. பூச்சு காய்ந்த பின் அதே துளை வழியே உட்குழாய்களுக்கான மெழுகைப் பீய்ச்சிவிடுங்கள்.

பாலியூரிதேன் பூச்சை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. அதை ஸ்பிரே செய்யும்போது துணியோ சாதாரண முகக்கவசமோ காக்காது. வெளியிலிருந்து நல்ல காற்று வரும் கவசத்தோடு வேலை செய்யும் பெயின்ட் ஷெட்டிடம் விட்டுவிடுங்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த முறை மிகக் குறைந்த அளவே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும்.

கேள்வி (தூத்துக்குடி): எவர்சில்வர் கார்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆறே மாதத்தில் பழுப்புப் புள்ளிகள். காந்தம் ஒட்டவில்லை, அப்படியானால் நல்ல உலோகம்தானே?

காந்தம் ஒட்டாதது எதையும் நிரூபிக்காது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 200 வரிசை எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது, அதைவிட நல்ல தரமான 304-இலும் ஒட்டாது. உப்பளக் காற்றில் 304-கூடப் பழுப்புக் கறை கொள்ளும். மாலிப்டினம் கலந்த 316-தான் கடலோரத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். புள்ளிகளை ஆக்சாலிக் அமிலம் கலந்த துப்புரவுப் பசையால் எடுத்து, ஏராளமான நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இரும்பு வயர் பிரஷ்ஷும் கழிவறை ஆசிட்டும் கூடவே கூடாது: முன்னது இரும்புத் துகளைப் பதித்துப் புதிய துருவை விதைக்கும், பின்னதில் உள்ள குளோரைடு குழி பறிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவுவதை எந்தப் பாலிஷும் ஈடு செய்யாது.

கேள்வி (நுவரெலியா): எங்களிடம் பழைய சீரிஸ் லேண்ட் ரோவர் ஒன்று உண்டு. கார்டைக் கழற்றியபோது, அதன் தாங்கிகள் மட்கார்டில் தொட்டிருந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடியாக இருந்தது. கார்டு துருவாகவில்லை, உடல்தான் கெட்டிருக்கிறது. ஏன்?

1948-இல் லேண்ட் ரோவர் பிறந்தபோது போருக்குப் பிந்தைய பிரிட்டனில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியதால், வெளித்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறு பேட்டரி போலாகிவிடும். அதில் கரைந்து போவது அலுமினியம். நீங்கள் கண்ட வெள்ளைப் பொடி அதன் ஆக்சைடும் ஹைட்ராக்சைடும். ஆக, இங்கே கார்டுக்குச் செய்யும் பூச்சைவிட இரண்டுக்கும் நடுவே வைக்கும் தடுப்புதான் முக்கியம். பொடியை நைலான் பிரஷ்ஷால் அகற்றி, உலோகத்தைச் சற்றே அரித்துப் பற்றிக்கொள்ளும், அலுமினியத்துக்கு உரிய எட்ச் ப்ரைமர் பூசி, தாங்கி அமரும் இடத்தில் ரப்பர் அல்லது நைலான் தகடும், போல்ட்டைச் சுற்றி நைலான் உறையும் வையுங்கள். தொங்கவிட்ட துணி போல நீரை உறிஞ்சி வைத்திருக்கும் தோலோ சாக்கோ வேண்டாம். பழைய வண்டிகளில் அப்படிச் சொருகியிருப்பதை அடிக்கடி காண்கிறேன்.

இன்னொன்று: கார்டோ பம்பரோ துத்தநாகம் பூசியதாக இருந்தால் சாதாரண எனாமலை நேரடியாகப் பூசாதீர்கள். துத்தநாகம் அந்தப் பெயின்ட்டின் எண்ணெயை சோப்பாக்கிவிடுவதால், சில மாதங்களில் ஒட்டாமல் கழன்று வரும். அதன் மேல் வெல்டிங் செய்வதற்கு முன் துத்தநாகத்தைத் தேய்த்து எடுப்பதும் அவசியம், இல்லாவிட்டால் அதன் புகையால் அன்றிரவே வெல்டருக்குக் குளிரும் காய்ச்சலும் வரக்கூடும்.

கேள்வி (ஏற்காடு): பூசி முடித்து மாட்டினோம். ஒரே மாதத்தில் போல்ட்டுகள் தளர்ந்து கார்டு கடகடவென்று ஆடுகிறது.

தாங்கியும் சேஸிஸும் சேரும் முகத்தின் மேலும் கனமாகப் பூசியிருப்பீர்கள். அழுத்தத்தில் அந்தப் பூச்சு மெல்ல நசுங்கி ஒதுங்க, போல்ட்டின் இழுவிசை போய்விடும். அந்த முகங்களில் மெல்லிய ப்ரைமரோடு நிறுத்துங்கள். பழைய போல்ட்டுகளைத் திரும்பப் போடாமல் 8.8 என்ற வலிமைத் தரத்தில் புதியவை வாங்கி, எம்10 (10 மில்லிமீட்டர் விட்டம்) என்றால் ஏறத்தாழ 45, எம்12 என்றால் ஏறத்தாழ 80 நியூட்டன் மீட்டர் என்று, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முடுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை சரிபாருங்கள். வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி (கோவை): கார்டை நிரந்தரமாகக் கழற்றிவிட்டேன். சேஸிஸில் நான்கு துளைகள் தெரிகின்றன. வெல்டிங் வைத்து அடைக்கலாமா?

வேண்டாம். சேஸிஸின் முன்முனை மோதலில் மடங்க வேண்டிய பகுதி. அங்கே சூடு ஏற்றினால் அதன் குணம் மாறும். துளை நிறுவனமே விட்டதா, பிறகு துளைத்ததா என்று முதலில் பாருங்கள். பிறகு துளைத்தது என்றால் விளிம்பை அரத்தால் வழவழப்பாக்கி, விரிசல் ஓடியிருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் சோதித்து, துரு நீக்கி, எபாக்சி ப்ரைமர் தொட்டு, உள்ளே மெழுகு பீய்ச்சி, ரப்பர் மூடியால் அடையுங்கள். விரிசல் இருந்தால் மட்டும் நிறுவனப் பணிமனைக்குக் கொண்டுபோங்கள். கார்டுக்காக எடுத்துப்போட்ட இழுவைக் கொக்கியும் பம்பர் கிளிப்புகளும் அநேகமாக வீட்டுப் பரணில் கிடக்கும். அவற்றைத் தேடி எடுத்து மாட்டிவிடுங்கள்.