100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு எடுத்தும் போனில் ஸ்பீடு டெஸ்ட் 40 மட்டும் காட்டுவது ஏன்?

ஸ்பீடு டெஸ்ட் என்பது உங்கள் போனுக்கும் எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்கும் இடையே சில விநாடிகள் தரவை அனுப்பி வாங்கி, நொடிக்கு எத்தனை மெகாபிட் (அதுதான் எம்பிபிஎஸ்) போய்வருகிறது என்று அளப்பது. வழியில் எது மிக மெதுவானதோ, அதன் வேகம்தான் திரையில் தெரியும்.

மாடித் தொட்டியிலிருந்து இரண்டு அங்குலக் குழாய் இறங்கினாலும், சமையலறைக் குழாய் அரை அங்குலம் என்றால் குடம் மெதுவாகத்தான் நிறையும். வீடுகளில் அந்த அரை அங்குலம் பெரும்பாலும் வைஃபைதான். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டியும் போகும்; ஆனால் பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேயே நெருக்கியடிப்பதால் வேகம் குறையும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, கான்கிரீட் சுவரில் சோர்ந்துவிடும்.

லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, வீட்டில் யாரும் வீடியோ பார்க்காத நேரத்தில் அளந்து பாருங்கள். 95 வந்தால் ஃபைபரில் குறையில்லை. குறை வைஃபையில்தான்; ரவுட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வீட்டின் நடுவில் வையுங்கள். கேபிளில் அளந்தும் 40தான் என்றால் தயங்காமல் புகார் கொடுங்கள்.

ஃபைல் இறங்கும்போது 12 என்று காட்டுவதைப் பலர் ஏமாற்று என்று நினைக்கிறார்கள். அது மெகாபைட் கணக்கு, 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 100 மெகாபிட் என்பதே 12.5 மெகாபைட்தான்.