மகள் அணு எரிபொருள் சோதனை வேலைக்குப் போகலாமா?

அம்மா, பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் "அணு எரிபொருளிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவை அளக்கும் வேலைக்குப் போகிறேன்" என்றால் பெற்றவளுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் 2006 டிசம்பரிலிருந்து 2009 நவம்பர் வரை ஏஜிஆர்-1 என்ற அணு எரிபொருள் சோதனை நடந்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய, சிலிக்கான் கார்பைடு ஓடு போட்ட எரிபொருள் துகள்கள், சுமார் 3 லட்சம், 6 கூடுகளில் அணு உலைக்குள் இருந்தன. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஹீலியமும் நியானும் ஓடிக்கொண்டே இருக்கும், துகளிலிருந்து தப்பிவரும் கிரிப்டான், செனான் என்ற கதிரியக்க வாயுக்களை அது குழாய் வழியே ஜெர்மானியம் டிடெக்டருக்கு (கதிரை அளக்கும் கருவிக்கு) கொண்டுவந்துவிடும், எந்த ஆற்றலில் காமா கதிர் வருகிறது என்பதை வைத்து எந்த ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எந்த வகை அணு), எவ்வளவு என்று சொல்லிவிடலாம். கிரிப்டான்-88இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், 3 மணி நேரம்கூட இல்லை, அதனால் குழாயில் வரும் வழியிலேயே சிதைந்துபோனதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உள்ளே உண்டாகும் இந்த வாயு அணுக்களில் கோடிக்கு ஒன்றிரண்டுதான் வெளியே வந்தது, அதையும் அளந்துவிட்டார்கள்! ஒரு துகள் உடைந்தாலும் காட்டிக்கொடுக்க சோடியம் அயோடைடு டிடெக்டர் தனியாக இருந்தது. கடைசிவரை ஒன்றும் உடையவில்லை.

ஆக, வாயு குழாய்க்குள்ளே, ஆள் பெரும்பாலும் கணினித் திரைக்கு முன்னால். கதிர்வீச்சே படாது என்று சொல்ல மாட்டேன். நம் நாட்டில் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு 5 ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்தான் (உடலில் படும் கதிர்வீச்சின் அளவு) வரம்பு, ஒவ்வொருவர் சட்டையிலும் அதை அளக்கும் பேட்ஜ் இருக்கும்.

சரி, படிப்பு. அணுப் பொறியியல் என்று பெயர் போட்டுப் பல லட்சம் கேட்கும் இடங்களுக்கு ஓடாதீர்கள். இது அடிப்படையில் காமா நிறமாலை (காமா கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துப் பார்ப்பது), புள்ளியியல், கொஞ்சம் நிரல் எழுதுவது, அவ்வளவுதான்; நல்ல எம்.எஸ்சி. இயற்பியல் போதும். 60 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்து, கேட் போன்ற நுழைவுத் தேர்வு எழுதி, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நேர்காணலில் தேறினால் அங்கே ஓராண்டுப் பயிற்சி, அப்புறம் வேலை. கல்பாக்கத்திலேயே கதிர்பட்ட எரிபொருளை ஆராயும் கூடங்கள் இருக்கின்றன.

இப்போதைக்கு அவள் கல்லூரி ஆய்வகத்தில் சீசியம்-137இன் காமா நிறமாலையில் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் தெரியும் உச்சத்தைத் தானே எடுத்து, சுற்றுப்புறத்திலிருந்து வரும் பின்னணிக் கதிர்வீச்சைக் கழித்து, பிழை எவ்வளவு என்று போட்டுப் பார்க்கட்டும். அதில் அலுப்பு வரவில்லை என்றால் தாராளமாக அனுப்புங்கள்.