லேப்டாப், எக்செல், ஒரு கேள்விக்குறி: பயோஇன்ஃபர்மேடிக்ஸ் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எம்.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன். கோடிங் சுத்தமாகத் தெரியாது. பயோஇன்ஃபர்மேடிக்ஸ் பக்கம் வரலாமா?

தாராளமாக வாருங்கள், உயிரியல் தரவைக் கணினியில் அலசும் வேலைதானே. கோடிங் மொழி பைத்தானா ஆர்-ஆ என்று இப்போதே மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். லினக்ஸில் ஒரு இருபது கட்டளை கைக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம். செடி படித்தவருக்கு ஒரு லாபம் உண்டு. உருளைக்கிழங்கில் ஒவ்வொரு குரோமோசோமும் நான்கு நகலாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மரபணு மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருளான ஜிஏடிகே-யின் ஹாப்லோடைப்காலருக்குத் தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால் இரண்டு என்றே எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக வரும்.

கேள்வி: 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதுமா?

பழக போதும். மனித ஜீனோமில் கைவைக்காமல் ஈ. கோலை பாக்டீரியாவில் தொடங்குங்கள், மொத்தமே 46 லட்சம் டிஎன்ஏ எழுத்துதான். தரவு அமெரிக்காவின் என்சிபிஐ நடத்தும் எஸ்ஆர்ஏ என்ற சீக்வென்சிங் (டிஎன்ஏ எழுத்துகளைப் படிப்பது) தரவுக் கிடங்கில் இலவசமாகக் கிடைக்கிறது. சீக்வென்சிங் துண்டுகளை ஜீனோமில் பொருத்தும் ஸ்டார் மென்பொருளை மட்டும் அந்த லேப்டாப்பில் மனித ஜீனோமுக்கு ஓட்டிப் பார்க்காதீர்கள், சுமார் 30 ஜிபி ராம் கேட்கும். அதே வேலை செய்யும் ஹைசாட்2 அவ்வளவு கேட்காது.

கேள்வி: ஜீன்களின் செயல்பாட்டை ஒப்பிடும் டெசீக்2-க்கு, சீராக்கிய டிபிஎம் மதிப்புகளைக் கொடுத்தால் முழு எண் இல்லை என்று திட்டுகிறது. ரவுண்டு செய்து கொடுக்கலாமா மேடம்?

கூடாது. அதற்கு வேண்டியது ஒவ்வொரு ஜீனிலும் எத்தனை துண்டு பொருந்தியது என்ற மூல எண்ணிக்கை.

கேள்வி: மரபணு மாற்றங்களைப் பட்டியலிடும் என் விசிஎஃப் கோப்பில் உள்ள மாற்றங்களில் ஒன்றுகூடத் தரவுத்தளத்தோடு பொருந்தவில்லை. சீக்வென்சிங்கே தப்பாகியிருக்குமோ?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். முதல் குரோமோசோமின் பெயர் ஒரு கோப்பில் 'சிஎச்ஆர்1' என்றும் மற்றதில் வெறும் '1' என்றும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரி என்றால், மனித மாதிரி ஜீனோமின் பதிப்பு வேறாகியிருக்கும்: ஒன்று 2009-இல் வந்த ஜிஆர்சிஎச்37, இன்னொன்று 2013-இல் வந்த ஜிஆர்சிஎச்38 ஆக இருக்கும். ஒரே மாற்றத்துக்கு இரண்டிலும் வேறு வேறு இட எண். நானும் இதே குழியில் இரண்டு வாரம் கிடந்திருக்கிறேன், வெளியே சொல்ல வெட்கம்.

கேள்வி: ஜீன் பட்டியலை எக்செலில் திறந்தால் நடுவில் தேதிகள் வருகின்றன. வைரஸா?

சிரிக்கவில்லை, இது பழைய கதை. செப்ட்2 என்ற ஜீனை எக்செல் செப்டம்பர் 2 என்று படித்துவிடும், மார்ச்1-ஐ மார்ச் 1 என்று. ஆய்வுக் கட்டுரைகளிலேயே இந்தப் பிழை அச்சேறியிருக்கிறது. கடைசியில் ஜீன்கள்தான் விட்டுக்கொடுத்தன: செப்டின்2, மார்ச்எஃப்1 என்று பெயரை மாற்றி, 2020-இல் அதை ஜீன் பெயரிடும் விதிமுறையிலும் சேர்த்தார்கள். பழைய கோப்புகளில் பழைய பெயர்தான் இருக்கும். அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று சொல்லி உள்ளே கொண்டுவாருங்கள்.

கேள்வி: பிஎச்.டி. இல்லாமல் வேலை கிடைக்குமா? எத்தனை சான்றிதழ் வேண்டும்?

பல மென்பொருள்களைத் தொடராக ஓட்டும் பைப்லைன் எழுதுவது, நோயாளியின் மரபணு மாற்றங்களை அலசி அறிக்கை தயாரிப்பது போன்ற வேலைகளுக்குக் கிடைக்கும். ஆராய்ச்சியை வழிநடத்தப் பிஎச்.டி. கேட்பார்கள். சான்றிதழை நான் எண்ணுவதில்லை. நேர்முகத்தில், சீக்வென்சிங் தரவு வரும் ஃபாஸ்ட்க்யூ கோப்பின் நான்கு வரியைக் காட்டி, நாலாவது என்ன என்று கேட்பேன். ஆறு சான்றிதழ்காரர்கள்கூட அங்கே விழிக்கிறார்கள். அந்த நாலாவது வரி தர மதிப்பெண், டிஎன்ஏ எழுத்துக்கு ஒன்று, குறிகளாக இருக்கும். அதில் கேள்விக்குறி வந்தால் சந்தேகம் என்று பொருளில்லை. மதிப்பெண் 30, அந்த டிஎன்ஏ எழுத்து தப்பாக இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான்.