840 கிலோ எப்படி 0 ஆனது?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டில் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். எடைச்சீட்டுகளைப் படித்துப் பணம் கணக்கிட, கோ மொழியில் எழுதிய நிரலை இணைத்துள்ளேன். வரிக்கு வரி ‘எரர் உண்டா’ என்று கேட்டே பாதி நிரல் போகிறது. வகுப்பு நடத்தும் ஒருவர் ரஸ்ட் என்ற வேறு நிரல்மொழிக்கு மாறு என்கிறார். 2,000 வெள்ளி கட்டணம். மாறலாமா?

பதில்: காசைப் பையிலேயே வையுங்கள், தம்பி. எடையை எண்ணாக மாற்றும் வரியைப் பாருங்கள். எரர் வரவேண்டிய இடத்தில் ஓர் அடிக்கோடு (_) போட்டிருக்கிறீர்கள். ‘இது எனக்கு வேண்டாம்’ என்று அர்த்தம். 840இல் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டிவிட்டால், கோ இரண்டைத் திருப்பித் தரும்: எண் 0, கூடவே ஓர் எரர். எரரைத் தூக்கிப் போட்டாயிற்று, 0 கையில் நிற்கிறது. குலை வெட்டிக் கொண்டுவந்தவருக்கு அன்றைக்குக் காசில்லை. நிரல் மூச்சே விடாது.

ஜாவாவாக இருந்தால் அங்கேயே கத்தி நின்றிருக்கும். ஆனால் எந்த வரி கத்தும் என்று பார்த்ததும் தெரியாது. எரரைப் பிடிக்கும் ‘கேட்ச்’ பகுதியைக் காலியாக விட்டு வாயடைக்கும் ஆட்களும் உண்டு. ரஸ்ட்டில் விடையும் எரரும் ஒரே பொட்டலம். பிரிக்காமல் எண் கைக்கு வராது. 2016 முதல் ஒரு கேள்விக்குறியிலேயே எரரை மேலே, அழைத்த பகுதிக்கே, தள்ளிவிடலாம். கோ மொழியிலும் அப்படிச் சுருக்க 2019இல் ‘ட்ரை’ முன்மொழிவு வந்தது, கைவிட்டார்கள். 2025இல் இதற்காக இலக்கணத்தை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லியேவிட்டார்கள். காத்திருக்காதீர்கள்.

வகுப்புக்காரர் ரஸ்ட்டில் ‘அன்ராப்’ போட்டு, எரர் வராது என்று நம்பிப் பொட்டலத்தைப் பிரித்து ஓட்டிக் காட்டுவார், அழகாக ஓடும். உங்கள் ‘ஓ’ சீட்டை நீட்டுங்கள், நிரல் குப்புற விழும். கல்லூரிகள் மட்டும் என்ன வாழ்கின்றன? நல்ல உள்ளீட்டுக்கு நல்ல விடை வந்தால் முழு மதிப்பெண். கெட்ட சீட்டைக் கொடுத்துப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

எரரைக் கவனிக்காமல் விடக்கூடிய இடம் ஒன்று உண்டு: படிக்கத் திறந்த கோப்பை மூடும்போது. படிக்கத் திறந்தது மட்டும்! எழுதத் திறந்தது என்றால், எழுதியது சேரவில்லை என்ற சேதி சிலசமயம் மூடும்போதுதான் வரும். நீங்கள் ‘டிஃபர்’ போட்டு, வேலை முடிந்ததும் தானாக மூடும்படி விடுவதால் அந்தச் சேதி காற்றில் போகிறது. பணப்பட்டியல் எழுதும் கோப்பு அல்லவா அது? கடைசியில் நீங்களே மூடி, எரர் வந்ததா பாருங்கள்.

இன்றே அடிக்கோடுகளைத் தேடுங்கள். மூன்று என் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றிலும் எரரைப் பிடித்து, ‘சீட்டு 217: எடை படிக்க முடியவில்லை’ என்று எண்ணோடு சொல்ல வையுங்கள்.