பிட்ச்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே இன்னொன்று எதற்கு?

தூர இடைவெளி என்பது ஒரு கோல்ஃப் கிளப்பை (பந்தை அடிக்கும் மட்டையை) முழுதாக வீசினால் பந்து போகும் தூரத்துக்கும் அடுத்த கிளப்பில் போகும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசம். 10 முதல் 15 கஜம் இருந்தால் நல்லது. இதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது லாஃப்ட், அதாவது கிளப் முகத்தின் சாய்வு. 4 டிகிரி கூடினால் ஏறக்குறைய 10 கஜம் குறையும். குறைந்த தூரத்துக்கான, சாய்வு அதிகமுள்ள கிளப்கள்தான் வெட்ஜ்கள். முன்பெல்லாம் அவற்றில் பிட்ச்சிங் வெட்ஜ் 48 டிகிரி வாக்கில் இருந்தது, இப்போதைய செட்கள் பலவற்றில் 44 அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டது, ஆனால் மணல் குழியிலிருந்து பந்தை எடுக்க உதவும் சாண்ட் வெட்ஜ் மட்டும் அதே 54, 56-இல் நிற்கிறது. பாண்டி பஜார் செருப்புக் கடையில் 8-க்கு அப்புறம் நேரே 10தான் என்றால் 9 போடுகிறவர் என்ன செய்வார்? அதனால்தான் நடுவே 50 டிகிரி வெட்ஜ்.

வாங்கும் முன் கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் பந்து அடித்து உங்கள் தூரங்களை எழுதிக்கொள்ளுங்கள் (அதிர்ஷ்டத்தில் பறந்த ஒன்றைச் சேர்க்காதீர்கள்). பையில் 14 கிளப்தான் அனுமதி, ஆகவே நீளமான அயர்ன்களில் (எண் பொறித்த உலோகத் தலைக் கிளப்களில்) ஒன்றை விடவேண்டி வரலாம், பலருக்கு 4-ஆம் 5-ஆம் அயர்ன் ஒரே தூரம்தான் போகும், நஷ்டமில்லை.

அப்புறம், அயர்னில் பொறித்த எண்ணுக்குப் பொது அளவு எதுவும் கிடையாது, நண்பரின் 7-ஆம் அயர்ன் அதிகம் போனால் அவருடைய லாஃப்டை முதலில் கேளுங்கள்.