பிளாக்ஜாக்ல கணக்கு போட்டு கேசினோவை ஜெயிக்க முடியுமா?

முடியும் (சீட்டோட கூட்டல் 21ஐ தாண்டாம, சீட்டு போடற கேசினோ ஆளான டீலரை விட அதிகமா எடுக்கற ஆட்டம்தான் பிளாக்ஜாக்), ஆனா பலர் நெனைக்கிற மாதிரி வந்த சீட்டையெல்லாம் மனப்பாடம் பண்ற வேலை இல்ல இது. சக்கரம் சுத்தற ரூலெட் ஆட்டத்துல ஒவ்வொரு சுத்தும் புதுசு, பிளாக்ஜாக்ல வெளிய வந்த சீட்டு மறுபடி கலைச்சு போடற வரைக்கும் வராது, அதனால மிச்சமிருக்கற கட்டு மாறிட்டே இருக்கும், 1960கள்ல எட்வர்ட் தார்ப்ங்கிற கணித பேராசிரியர் கம்ப்யூட்டர் வச்சு இதைத்தான் நிரூபிச்சார்.

கட்டுல பத்தும் ஏஸும் நிறைய மிச்சம் இருந்தா நமக்கு லாபம். ஏன்னா முதல் ரெண்டு சீட்டுலயே ஏஸும் பத்தும் சேர்ந்து 21 விழுந்தா (இதுக்கும் பேரு பிளாக்ஜாக்தான்) நமக்கு 3:2, அதாவது 2 ரூபாய் கட்டினா 3 ரூபாய் லாபம் கிடைக்கும், டீலருக்கு விழுந்தா நாம கட்டின பணம் மட்டும்தான் போகும், அதோட கூட்டல் 12லேர்ந்து 16 வரைக்கும் இருந்தா டீலர் இன்னொரு சீட்டு எடுத்தே ஆகணும், பத்து வந்தா 21ஐ தாண்டி தோத்துடுவார், நமக்கு அந்த கட்டாயம் இல்ல.

எண்றது ரொம்ப சிம்பிள்: 2லேர்ந்து 6 வந்தா +1, 7, 8, 9 பூஜ்யம், பத்து, படம், ஏஸ் எல்லாம் -1. பல கட்டு சேர்த்து ஆடறப்ப, வந்த சீட்டுக்கெல்லாம் கூட்டினது மொத்தம் +6, இன்னும் 3 கட்டு பாக்கின்னா 6ஐ 3ஆல வகுத்து +2. சரியா ஆடினாலும் கேசினோவுக்கு சுமார் அரை சதவீதம் சாதகம் இருக்கும், இப்படி வகுத்து வர்ற எண்ணிக்கை ஒண்ணு ஏறினா தோராயமா அரை சதவீதம் நம்ம பக்கம் வரும், அப்பதான் பந்தயத்தை ஏத்தணும்.

கிடைக்கறது ஒரு சதவீதம் சொச்சம்தான், அதனால தோக்கற நாளும் நிறைய வரும், கையில தாங்கற அளவு பணம் வேணும். பிளாக்ஜாக்குக்கு 3:2க்கு பதிலா 6:5 தர்ற டேபிள்ல உக்காரவே உக்காராதீங்க, அது ஒண்ணே கேசினோ பக்கம் சுமார் 1.4 சதவீதம் கூட்டிடும்.