நோக்கோமிஸ் என்றால் "என் பாட்டி"

வணக்கம் அக்கா,

நீங்கள் சொன்னதைக் கேட்டு லூயிஸ் எர்ட்ரிக்கின் 'தி பிர்ச்பார்க் ஹவுஸ்' நாவலை மகளோடு சேர்ந்து படித்தேன். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, எனக்கும்தான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாகும் கதை என்றால் வீட்டோடு முட்டி மோதித் தன் வழியைத் தேடிப் போவதுதானே? இந்த ஓஜிப்வே (வட அமெரிக்கப் பூர்வகுடி மக்கள்) கதைகளில் எல்லோரும் குடும்பத்துக்கே திரும்பித் திரும்பி வருகிறார்கள். சொந்தபந்தம் என்ற பேரில் பெண்களை எப்படி அமுக்குவார்கள் என்று கண்ணால் பார்த்தவள் நான். குடும்பத்தை இவ்வளவு தூக்கிப் பிடிக்கத்தான் வேண்டுமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

மனதில் பட்டதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும் கதைக்கு முதலில் வீடு என்று ஒன்று வேண்டும். ஓஜிப்வே மக்களிடமிருந்து பிடுங்கப்பட்டது அதுதான்.

கனடாவில் மட்டும் சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. அமெரிக்காவிலும் இதே மாதிரிப் பள்ளிகள் இருந்தன, பிறகு நலத்துறைக்காரர்கள் வந்து பிள்ளைகளை எடுத்து வெள்ளையர் வீடுகளில் வளர்க்கக் கொடுத்தார்கள். பூர்வகுடிக் குழந்தைகளில் நான்கில் ஒரு பங்காவது இப்படிப் பெற்றவர்களை விட்டுப் பிரிக்கப்பட்டிருப்பது தெரியவந்த பிறகுதான், 1978இல், இதைத் தடுக்கச் சட்டம் வந்தது. கனடாவில் ரிச்சர்ட் வாகமீஸ் என்ற ஓஜிப்வே எழுத்தாளரும் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அப்படி எடுக்கப்பட்டவர், தன் சொந்தங்களை அவர் மறுபடி பார்க்கும்போது அவருக்கு வயது 23. அவருடைய 'இந்தியன் ஹார்ஸ்' (2012) நாவலில் ஒரு பாட்டி, எட்டு வயதுப் பேரனைப் பள்ளிக்காரர்கள் கையில் சிக்காமல் காப்பாற்ற, கடும் பனியில் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். ஒரு ரயில் நிலையத்தில், குளிர் அவனைத் தொடாதபடி இறுக்கி அணைத்துக்கொண்டு, அப்படியே இறந்துபோகிறாள். வந்தவர்கள் அந்தக் கைகளுக்குள்ளிருந்து பையனைப் பிரித்து எடுக்கிறார்கள். இதைப் படித்த பிறகு, அந்தப் பையன் சால் ஏன் குடும்பத்தைத் தேடுகிறான் என்று என்னால் கேட்க முடியவில்லை.

அப்புறம், நீங்கள் படித்த நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1847, சுப்பீரியர் ஏரியில் மேடலின் தீவு. கதையின் நாயகி ஒமகாயாஸ் அந்த வீட்டில் பிறந்தவளே இல்லை. பெரியம்மை ஒரு தீவையே அழித்தபோது மிஞ்சிய ஒரே குழந்தை அவள். ஓல்ட் டாலோ என்ற முரட்டு வேட்டைக்காரி போய்த் தூக்கி வருகிறாள், இன்னொருத்தி தன் மகளாக வளர்க்கிறாள். முதல் அடியே தத்தித் தாவி வைத்ததால் குட்டித் தவளை என்று பேர் வைக்கிறார்கள். பிறகு ஒரு குளிர்காலத்தில் அந்த வீட்டுக்கே அம்மை வருகிறது. ஏற்கனவே அதில் பிழைத்தவள் என்பதால் அவளைத்தான் அது தொடுவதில்லை, எல்லோரையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், ஆனாலும் சின்னத் தம்பி நீவோ போய்விடுகிறான். அவள் ஆளாவது அங்கேதான் என்று நினைக்கிறேன். அந்த வீட்டோடு அவளுக்கு ரத்த உறவு கிடையாது, எடுத்தவர்களும் பார்த்துக்கொண்டவளும் சேர்ந்து ஆக்கிய சொந்தம் அது. நம் ஊரில் உங்களை உறுத்துகிற, ரத்தத்தைக் காட்டி மிரட்டுகிற சொந்தம் வேறு.

அதில் வரும் பாட்டியை எல்லோரும் நோக்கோமிஸ் என்கிறார்களே, அந்தச் சொல்லுக்கே "என் பாட்டி" என்றுதான் பொருள். "உன் பாட்டி" என்றால் கோக்கோமிஸ். யாருடைய பாட்டி என்று சேர்க்காமல் உறவைச் சொல்ல அந்த மொழி இடம் தருவதில்லை. நமக்கு இது புரியாத விஷயமா என்ன? குறுந்தொகையில் யாய் என் தாய், ஞாய் உன் தாய். எந்தை (என் அப்பா), நுந்தை (உன் அப்பா), தந்தை (அவன் அப்பா) மூன்றும் அப்படி வந்தவைதான், கடைசிச் சொல்லை மட்டும் நாம் பொதுவாக வைத்துக்கொண்டோம்.

சரி, குடும்பம் தப்புச் செய்தால்? உங்கள் கேள்வியின் கூர்மை அதில்தான் இருக்கிறது. அதற்கு ஆஞ்சலின் பூலியின் 'ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்' (2021) படியுங்கள். டானிஸுக்கு 18 வயது, அம்மா வெள்ளைக்காரி, ஓஜிப்வே அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் இல்லை, அதனால் பழங்குடிப் பதிவேட்டில் அவளுக்கு இடமில்லை. காகிதம் சொல்லாததை ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள், இவள் எங்கள் பெண் என்று. ஆனால் அதே ஊரில், தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, போதைப்பொருள் பிள்ளைகளைக் கொல்லும்போது அவள் சொந்தக்காரர்கள் என்று பார்த்து வாயை மூடிக்கொள்வதில்லை. அவள் அந்த மக்களைச் சேர்ந்தவள் என்பதே அவளைப் பேசவைக்கிறது. இதை நீங்கள் படிக்க வேண்டும் என்று நான் ரொம்ப ஆசைப்படுகிறேன்.

மகளுக்கு இப்போதைக்கு அது வேண்டாம், கொஞ்சம் பெரியவர்களுக்கான கதை. அவளுக்கு 'தி போர்க்குபைன் இயர்' வாங்கிக் கொடுங்கள். அதே வரிசையில் மூன்றாவது நாவல், ஒமகாயாஸுக்கு அதில் 12 வயது, தீவை விட்டுத் துரத்தப்பட்டுக் குடும்பத்தோடு படகில் போய்க்கொண்டிருக்கிறாள்.